இடதுபக்கமாகவே மயிலாப்பூர்

என் மனைவி ஸ்கூட்டரில் ரோட்டுக்கு வந்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. அதுவரை எங்கே போனாலும் நான் முன்னால் நடப்பேன், அவள் பின்னால் வருவாள். யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு நடை கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். அவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

எங்களுக்கு வீடு ஆதம்பாக்கத்தில். நான் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். அவள் மயிலாப்பூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் லேபில் டெக்னீஷியன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஆட்கள் விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் அவளுக்கு ஆறரைக்கெல்லாம் டூட்டி. எனக்கு எட்டரைக்குத்தான் பள்ளி. ஆனாலும் பத்து வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்துதான் கிளம்பினோம். ஷேர் ஆட்டோவில் வேளச்சேரி ஸ்டேஷன், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருமயிலை. எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது படிக்கட்டு நேர் எதிரே வரும், எந்த ஆட்டோக்காரர் ஆள் சேரும்வரை காக்க வைக்காமல் கிளம்புவார், எல்லாம் என் பொறுப்பு. அவள் தலையாட்டிக்கொண்டே வருவாள். அவளை விட்டுவிட்டுக் குளக்கரையில் ஒரு காபி குடித்து, பேப்பர் பார்த்துவிட்டு நான் பஸ் பிடிப்பேன்.

அப்புறம் அந்த மார்ச் மாதக் கடைசி வந்தது. ரயில் நின்றது, பஸ் நின்றது, ஷேர் ஆட்டோ இருந்த இடத்தில் நாய் படுத்திருந்தது. பள்ளியை மூடிவிட்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்தேன். ஆனால் ஆஸ்பத்திரியை மூட முடியுமா? முதல் இரண்டு நாள் அவர்கள் வண்டி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் அவளுடைய மேற்பார்வையாளர் போன் செய்தார். வண்டி நோயாளிகளுக்கே போதவில்லை, வர முடிந்தவர்கள் அவரவர் வழியில் வரவேண்டும், முடியாதவர்கள் சொல்லிவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம் என்றார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது வெறும் மிரட்டல் இல்லை என்று தெரிந்தது. என் பள்ளியில் அந்த மாதமே பாதிச் சம்பளம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் வேலை போனால் வீடு ஓடாது. அது இருவருக்கும் தெரியும்.

"ஒரு வாரம் டைம் குடுங்க சார், வந்துடறேன்" என்றாள் அவள் போனில். எப்படி வருவாய் என்று நான் கேட்டதற்கு வாசலைக் காட்டினாள். பெங்களூரில் வேலைக்குப் போய்விட்ட எங்கள் மகளின் ஸ்கூட்டர் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நின்றுகொண்டிருந்தது.

லைசென்ஸ் இருந்தது. மகள் எடுத்தபோது கூடவே போய் இவளும் மைதானத்தில் ஒரு எட்டுப் போட்டு வாங்கி வந்தது. அந்த எட்டுக்குப் பிறகு வண்டியைத் தொட்டதில்லை. எனக்கோ அந்த எட்டும் கிடையாது. கல்லூரி நாளில் ஒரு தடவை விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவன், இரண்டு சக்கரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சமநிலையைப் பற்றி முக்கால் மணி நேரம் பாடம் எடுக்கச் சொன்னால் எடுப்பேன்.

கற்றுக்கொடுக்க முன்வந்தவர் கீழ்ப்போர்ஷனில் குடியிருக்கும் ஆட்டோ டிரைவர். அவருடைய ஆட்டோ தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது. அவரும் சும்மா இருந்தார். சும்மா இருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விடிகாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத எங்கள் தெருவில் பாடம் ஆரம்பித்தது. அவர் ஒரு பக்கம் ஓடுவார், நான் இன்னொரு பக்கம் ஓடுவேன்.

"யக்கா, ஹேண்டில இன்னாத்துக்கு அப்டி இறுக்கிப் புடிக்கிற? அது எங்கியும் ஓடிப் பூடாது. தோளத் தளர்த்தி உடு."

"ஆக்ஸிலேட்டரை மெதுவா! முன்னாடி பாரு! கீழே பார்க்காதே!" இது நான்.

"சார், நீ கொஞ்சம் கம்னு இரு சார். ரெண்டு வாத்தியார் இருந்தா புள்ள ஃபெயிலாய்டும்."

நான்காம் நாள் அவள் தெருமுனைவரை தனியாகப் போனாள். முனையில் வலதுபக்கம் திரும்பினாள். ஊரே அடங்கிக் கிடந்த அந்தக் காலையில் ஆதம்பாக்கம் முழுவதிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரே வண்டி, ஒரு தண்ணீர் லாரி, அந்த நேரம் பார்த்து எதிரே வந்தது. அவள் இரண்டு பிரேக்கையும் ஒரே அமுக்காக அமுக்கிச் சாய்ந்தாள். லாரி பத்தடி தள்ளியே நின்றுவிட்டது. முழங்கையில் தோல் வழன்றதோடு போயிற்று. ஆனால் எழுந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இனிமே ரைட்டு கிடையாது" என்றாள்.

ஆட்டோக்காரர் வாதாடவில்லை. "சரிக்கா. ரைட்ட அப்பால பாத்துக்கலாம். இப்போதிக்கு லெப்ட்டு வாங்கினே இரு. லெப்ட்டுல யாரும் நம்மள குறுக்க வர மாட்டான்."

அவர் சமாதானத்துக்குச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். மூன்று தடவை இடதுபக்கம் திரும்பினால் ஒரு தடவை வலதுபக்கம் திரும்பியதற்குச் சமம். இதை ஆறாம் வகுப்புப் பையன் சொல்வான். ஆனால் ஆதம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர்வரை ஒரு வலதுகூட இல்லாமல் வழி போட முடியுமா? எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கிராஃப் நோட்டை எடுத்து மேசையில் உட்கார்ந்தவன் அன்றைக்குச் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

வழக்கமான வழி கிண்டி வழி. அங்கே அடையாறு பக்கம் போக ஒரு பெரிய வலது இருக்கிறது. ஆகவே கிண்டியை நோட்டில் அடித்துவிட்டேன். வேளச்சேரியிலிருந்து தரமணி, அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையை நேராகக் கடந்து திருவான்மியூர், அங்கே எல்.பி. ரோட்டில் ஒரு இடது, பிறகு நேராக அடையாறு சிக்னல், பாலம், மந்தைவெளி. ஆஸ்பத்திரி இருக்கிற தெரு பெரிய சாலைக்கு வலதுபக்கம். அதைத் தாண்டிப் போய், அடுத்த தெருவில் இடது, மறுபடி இடது, மறுபடி இடது, அப்புறம் பெரிய சாலையைக் குறுக்காகக் கடந்தால் நேராக ஆஸ்பத்திரித் தெரு. நேராகப் போவதற்கு அவள் பயப்படவில்லை. சிவப்பு மையில் கோடு போட்டு, திருப்பங்களுக்கு எண் கொடுத்து அவளிடம் நீட்டினேன். அரைமணி நேரம் பார்த்தாள். மனப்பாடம் செய்துகொண்டாள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்குக் கிளம்பினாள். போய்ச் சேர்ந்ததும் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. ஆறு இருபதுக்கு வரவேண்டிய கால் ஆறு ஐம்பதுக்கு வந்தது. அந்த அரைமணி நேரம் நான் வாசலுக்கும் மேசைக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று கீழ்வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். நடந்தது இதுதான். என் கணக்கில் மூன்றாவது இடது இருந்த தெருவில் யாருக்கோ தொற்று வந்து, மாநகராட்சி ஆட்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். கிராஃப் நோட்டில் தகரம் கிடையாது. வண்டியைத் திருப்ப ஒரு வலது வேண்டும். அவள் இறங்கி, வண்டியைத் தள்ளித் திருப்பி, தெருத் தெருவாக இடது தேடியிருக்கிறாள்.

அடுத்த வாரமும் ஒரு நாள் இதே கதை. மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இரண்டு தடவை பொறுத்துக்கொண்டோம், இருக்கிறதே பாதி ஆட்கள், மூன்றாவது தடவை லேட்டானால் வரவேண்டாம். இது என் தப்பு, அவள் தப்பில்லை. பாடம் நடத்துகிறவனுக்குத் தன் விடை தப்பு என்று தெரிவது பெரிய அவமானம். அன்றைக்கு நான் யாரோடும் பேசவில்லை. ஆட்டோக்காரரோடு மட்டும் சண்டை போட்டேன், எதற்கென்று நினைவில்லை.

அப்போதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. அவள் மத்தியானம் திரும்பி வந்ததும் கீழே பின்பக்கம் இருக்கும் குளியலறையில் குளித்து, துணியை வாளியில் ஊறப்போட்டு, மேலே வந்து மாடிப்படி முடிகிற இடத்தில் உட்காருவாள். நான் உள்ளே மேசையில். நடுவில் எட்டடி. படுக்கையும் தனித்தனி அறையில்தான். அங்கிருந்தபடியே அன்றைய தெருக்களைச் சொல்வாள்.

"மந்தைவெளி மார்க்கெட் பக்கம் புதுசா அடைச்சிருக்காங்க. நேத்து அடைச்சிருந்த தெருவத் தொறந்துட்டாங்க. அடையாறு சிக்னல்ல போலீஸ்காரர் ஐடி கார்டு பாத்தார்."

நான் குறித்துக்கொள்வேன். தகரத்துக்குக் கட்டம், திறந்ததற்கு வட்டம். பிறகு மறுநாளுக்கு வழி போட்டு, தாளைக் கிழித்து நாற்காலியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போவேன். அவள் வந்து எடுத்துக்கொள்வாள். அந்த நாலைந்து மாதம் நாங்கள் பேசியதெல்லாம் தெருக்களைப் பற்றித்தான். எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், கல்யாணமானதிலிருந்து அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அவள் சொல்லித்தான் ஊரைப் பார்த்தேன். விடியும் நேரத்தில் ரோட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்களாகிவிட்டார்களாம், முகமூடிக்கு மேலே தெரிகிற வரைக்கும். கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே, அங்கிருந்து பெருக்குகிற பெண்கள் லாரியின் பின்பக்கம் நின்றபடி மயிலாப்பூருக்கு வருவார்கள். இவளைப் பார்த்துக் கையாட்டுவார்கள். அதில் ஒருத்தி பக்கத்தில் லாரி போகும்போது, "இன்னாக்கா, நத்த மாரி போய்க்கினு கீற, முறுக்குக்கா!" என்று கத்துவாளாம். ஒருவர் ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிள் வாங்கி, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நங்கநல்லூரிலிருந்து தி.நகர் வரை மிதிப்பார். ஒரு நர்ஸ் தன் மாமனார் ஓட்டும் பழைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வருவாள். பஸ்ஸும் ரயிலும் இல்லாவிட்டால் இந்த ஊர் படுத்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். வீட்டில் படுத்திருந்தது என்னைப் போன்ற ஆட்கள்தான். ஊருக்கு வேண்டியவர்கள் ஏதோ ஒன்றின்மேல் ஏறி வந்துகொண்டேதான் இருந்தார்கள். அவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

மூன்றாவது லேட் வரவேயில்லை. போக்குவரத்து திரும்பி வந்தது, மழை வந்தது, வேளச்சேரியில் வழக்கம்போல முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, இரண்டாவது அலை வந்து முதல் அலையை மறக்கடித்தது. ஆறு இருபதுக்கு முன்னே பின்னே மிஸ்டு கால் வந்துவிடும். ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, "இனிமே பழையபடி போகலாமே" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "வேணாங்க, இதுவே பழகிப் போச்சு" என்றாள்.

பள்ளி முழுசாகத் திறந்ததும் நானும் கிளம்ப வேண்டியிருந்தது. ரயிலில் தனியாகப் போகலாம்தான். ஆனால் ஒரு நாள் அவளாகவே, "ஏறுங்க, அந்தப் பக்கம்தானே" என்றாள். ஐம்பத்து மூன்று வயதில் ஹெல்மெட்டும் டிபன் பையுமாகப் பெண்டாட்டிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் பல்தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவர் பார்க்கட்டும். கையில் கிராஃப் நோட்டு இருந்தது. திருப்பத்துக்குத் திருப்பம், "அடுத்தது லெப்ட், தயாரா இரு" என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் இண்டிகேட்டர் போடுவாள். ஒரு நாள் கிளம்பும்போது ஆட்டோக்காரர் தன் வண்டியைத் துடைத்தபடியே கேட்டார்: "இன்னா சார், பின்னாடி குந்திகினு வழி வேற சொல்றியா? அத்த உடு சார். அக்காவுக்குத் தெரியாத ரோடா?" எனக்குச் சுருக்கென்றது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே சில மாதம் போனது. அதற்குள் மயிலாப்பூரில் மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு காலை, பாலம் தாண்டி மந்தைவெளி வந்தோம். ஆறு இருபத்திரண்டு. ஆஸ்பத்திரித் தெருவைத் தாண்டி நாங்கள் திரும்பவேண்டிய முதல் இடது, ராவோடு ராவாக நீலத் தகடு வைத்து அடைக்கப்பட்டிருப்பது தூரத்திலேயே தெரிந்தது. அதைத் தாண்டிவிட்டால் சுற்றிவிடும் பாதை எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்று தெரியாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாவது தடவை. இரண்டு வருஷமாகக் கட்டிக் காத்தது என் நோட்டால் போகப்போகிறது.

"நிறுத்து, ஓரமா நிறுத்து, நான் பார்க்கிறேன்" என்று கத்திக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன்.

அவள் நிறுத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். வலது இண்டிகேட்டரைப் போட்டாள். வண்டியை மெல்ல நடுச்சாலைக்கு நகர்த்தினாள். எதிரே பஸ் ஒன்று, பின்னால் கான்கிரீட் லாரி, இடையில் முட்டிக்கொண்டு இரண்டு ஆட்டோக்கள். பஸ்ஸைப் போகவிட்டாள். முன்னால் வந்த ஆட்டோவுக்கு ஒரு கையைக் காட்டினாள், அது நின்றது. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் வண்டி ஆஸ்பத்திரித் தெருவில் இருந்தது. காலைக்கூடத் தரையில் ஊன்றவில்லை.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை ஸ்டாண்டு போட்டாள். ஆறு இருபத்து நாலு. நான் இறங்கி நோட்டை மூடினேன்.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"எது?"

"ரைட்டு."

ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினாள். "அது ஆச்சுங்க ரொம்ப நாள். அந்த மொத வருஷமே, மழைக்கு முன்னாடி. கீழ்வீட்டு அண்ணன்தான் ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போய்ப் பழக்கி விட்டாரு."

"அப்புறம் ஏன் தினமும் திருவான்மியூரைச் சுத்திக்கிட்டு வந்தே? கிண்டி வழியா வந்தா கால்மணி நேரம் மிச்சமாயிருக்குமே."

"மிச்சமாகி? சீக்கிரம் வந்து என்ன பண்றது? உள்ள போய் அந்தப் பிளாஸ்டிக் டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு, வர்றவங்க தொண்டையில குச்சி விட்டு எடுக்கணும். ஒவ்வொருத்தரும் மூஞ்சிலயே இருமுவாங்க."

"அப்போ நேரம் கழிச்சுக் கிளம்பியிருக்கலாம்."

"வீட்டுல உக்காந்திருந்தேன்னா கிளம்பியே இருக்க மாட்டேங்க." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எங்க லேப்ல ஒரு அட்டெண்டர் இருந்தாரே. உங்களுக்குக்கூட ஒரு தடவை டீ வாங்கிட்டு வந்து குடுத்தாரு."

நினைவிருந்தது. "வேலையை விட்டுட்டார்னு சொன்னே."

"ஆமா. சொன்னேன்." வண்டியிலிருந்து சாவியை எடுத்தாள். "அவரு கொரோனால போன அன்னிக்கும் படியில உக்காந்து உங்ககிட்ட தெருவைத்தான் சொன்னேன். எந்தத் தெரு தொறந்திருக்கு, எது அடைச்சிருக்குன்னு. வேற எதைச் சொன்னாலும் நீங்க அடுத்த நாள் என்னை விட்டிருக்க மாட்டீங்க. உங்க பேப்பரைப் பாத்து ஒண்ணு, ரெண்டுன்னு லெப்ட்டை எண்ணிக்கிட்டே வருவேன். எண்ணிக்கிட்டு இருந்தா வேற நெனப்பு வராது. நீளமான வழியா இருந்தா நல்லதுன்னு இருக்கும்."

நான் அவளுடைய பயத்துக்குத்தான் இத்தனை நாள் வழி போட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பயம் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. எட்டடி தள்ளி உட்கார்ந்து தகரத்துக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்பவும் பயமா இருக்கா?" என்றேன்.

"தினமும்தான்" என்றாள். கைப்பேசியில் மணி பார்த்தாள். "ஆறு இருபத்தெட்டு. லேட்டாக்கிடுவீங்க போல."

முகமூடியை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். கேட்டைத் தள்ளி உள்ளே நடந்தாள். எங்கும் தயங்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பயமே இல்லாதவள் என்றுதான் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.